வெள்ளிக்கிழமைத் தட்டு

“பெரியம்மா, பெரியப்பா என்ன குழப்படி செய்தவர்?”

ஓகஸ்ட் விடுமுறைக்கு நெல்லியடியிலிருந்து இணுவிலுக்கு வந்து நின்ற ஆரணி ஒரு காலையில் இப்படிக் கேட்டாள். இராசமலரின் தங்கைக்கு மகள், ஆறு வயது. அவளை முழங்கால்களுக்கு நடுவே இருத்தி இராசமலர் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு குழப்படியும் செய்யேல்லையே. ஏன் கேக்கிறாய்?”

“அப்ப ஏன் அவரை விறாந்தையிலை படுக்க விட்டிருக்கிறியள்? எங்கடை அப்பா ஒருநாள் குடிச்சிட்டு வந்தவர். அம்மா பாயைத் தூக்கி வெளியிலை போட்டிட்டுக் கதவைப் பூட்டினவ. அடுத்த நாள் அவர் உள்ளை வந்திட்டார். பெரியப்பா எப்ப உள்ளை வருவார்?”

“பெரியம்மா விரதமெல்லோ. விரதகாரர் தனியத்தான் படுக்கிறது.”

“ஒவ்வொரு நாளுமோ?”

சீப்பு பாதித் தலையில் நின்றது. இராசமலர் விறாந்தையைப் பார்த்தாள். மடக்குக் கட்டில், அதன் கால்மாட்டில் நாலாக மடித்து வைத்த போர்வை, மூடியிட்ட செம்பில் தண்ணீர், கிழிந்த இடத்தில் முடிச்சுப் போட்ட நுளம்பு வலை. கணவர் கனகலிங்கம் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போயிருந்தார். நாலு வருடமாக அந்தப் போர்வையை அவர் தானே மடித்து வைத்துவிட்டுத்தான் போகிறார். வந்த வீட்டுக்குத் தொந்தரவு வைக்கக் கூடாது என்று எண்ணும் விருந்தாளி மடிப்பது போல அது மடிக்கப்பட்டிருந்ததை அன்றைக்குத்தான் அவள் கண்டாள்.

பிள்ளையின் பின்னலை முடித்து றிபன் கட்டி அனுப்பிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அன்று செவ்வாய்க்கிழமை. சுவாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கம் திரும்பாமலே அவள் அரிசி களைந்தாள்.

ஐந்து வருடத்துக்கு முன், நாற்பத்தொன்பதாவது வயதில், இராசமலருக்கு மாதவிடாய் நின்றது. தொல்லை விட்டது என்றுதான் அவள் சந்தோசப்பட்டாள். இனி எந்த நாளிலும் கோயிலுக்குப் போகலாம் என்று கந்தசுவாமி கோயிலில் நெய்விளக்குக்கூட ஏற்றினாள். ஆறேழு மாதம் போக, கணவனோடு சேர்வது நோகத் தொடங்கியது. உள்ளே காய்ந்துபோய் எரிந்தது. அடுத்த நாள் சலம் கழிக்கும்போதும் கடுத்தது. முதல் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவர் நிறுத்தி, “என்ன?” என்று கேட்டார். “ஒண்டுமில்லை” என்றாள். அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்குப் பிறகு, பின்னேரங்களில் கிணற்றடியில் அவர் வாளி தூக்கும் சத்தம் கேட்டாலே அவள் இரவை நினைத்துப் பயந்தாள்.

கனகலிங்கம் ஒருநாளும் அவளை வற்புறுத்தியவரில்லை. கலியாணம் செய்த நாளிலிருந்து அவருடைய வழக்கம் ஒன்றுதான். கையைக் கொண்டுவந்து அவளுடைய முழங்கைக்குக் கீழே வைப்பார். வைத்துவிட்டுச் சும்மா கிடப்பார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்த உள்ளங்கையின் பாரம் அவளுக்குப் பிடிக்கும். அவள் திரும்பினால் உண்டு. திரும்பாவிட்டால் அந்தக் கை அப்படியே நித்திரையாகிவிடும். அது தனக்குப் பிடிக்கும் என்று இருபத்தாறு வருடத்தில் ஒரு தரம்கூட அவள் வாய் திறந்து சொன்னதில்லை. பெண்கள் சொல்லுகிற கதை அல்ல அது என்று எண்ணியிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை அந்தக் கை வந்தபோது, “நாளைக்கு வெள்ளி. நான் விரதம்” என்றாள்.

சுவாமிப் படத்தில் தெரியாமல் கால் பட்டவரைப் போல அவர் கையை எடுத்துக்கொண்டார். “எனக்குத் தெரியாமப் போச்சு” என்றார். அவ்வளவுதான். நோகிறது என்று சொல்வதற்கு எத்தனையோ சொல் வேண்டியிருந்தது. ஒன்றும் நாக்கில் ஏறவில்லை. விரதம் என்பதற்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. அது அவ்வளவு இலேசாக முடிந்ததுதான் அவளைக் கெடுத்தது.

வெள்ளியோடு செவ்வாய் சேர்ந்தது. மகள் தனுசியாவுக்கு ஒரு நல்ல சம்பந்தம் சரிவரும் வரைக்கும் என்றாள். பிறகு சதுர்த்தி, சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம். விரதத்துக்கு முதல் நாளும் சுத்தமாயிருக்க வேண்டும், முடிந்த நாளும் இருக்க வேண்டும் என்று கிழமை முழுவதும் மூடுண்டது. கனகலிங்கம் தானே மருதனார்மடத்துக்குப் போய் மடக்குக் கட்டில் வாங்கி வந்தார். “என்ரை கை கால் பட்டு உம்மடை விரதம் கெட்டுப்போகப்படாது” என்று சொல்லி அதை விறாந்தையில் விரித்தார். சாமிக் காரியத்தில் அவர் கேள்வி கேட்பதில்லை. இராசமலர் மறித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிரவு அறைக்குள் தனியே கிடந்தபோது, நோவு இனி வராது என்ற நிம்மதிக்குப் பின்னால், கையில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது.

இரண்டாம் வருடம் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். வயிற்றில் அமிலப் புண், வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது என்றார் டொக்டர். விரதத்தை விட்டால் விறாந்தைக் கட்டில் உள்ளே வந்துவிடும். அதனால் விரதம் பெயருக்கு நின்றது. சோறு மறைவில் இறங்கியது. காலையில் கனகலிங்கத்துக்கு வாழையிலையில் மரக்கறிச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவாள். மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, அடுப்படியில் நின்றபடியே தான் சாப்பிடுவாள். சாப்பிட்ட தட்டைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்து, மற்றத் தட்டுகளுக்குக் கீழே செருகி வைப்பாள். விரத நாளில் ஒரு ஈரத் தட்டு இருந்தால் அது கதை சொல்லிவிடும் என்று பயம். பின்னேரம் குளித்து, கோயிலுக்குப் போய் வந்து, பாலும் பழமும் எடுப்பாள். கனகலிங்கமும் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று அவளோடு இருந்து பாலும் பழமுமே எடுப்பார். “உமக்குத் துணைக்கு” என்பார். மழைக்கு அவர் வீட்டில் நின்றுவிடும் விரத நாட்களில் மத்தியானம் பசிக்கவில்லை என்பார். தனக்கு முன்னால் சாப்பிடக் கூச்சப்படுகிறார் என்று இராசமலர் எண்ணினாள்.

மூன்றாம் வருடம் தனுசியாவுக்கு வவுனியாவில் நல்ல இடத்தில் கலியாணம் சரிவந்தது. வந்த சனத்துக்கெல்லாம் கனகலிங்கம் சொன்னது ஒன்றுதான்: “எல்லாம் மலரின்ரை விரதம்.” பட்டுச்சேலையோடு நின்ற இராசமலர் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஆரணி கேட்டாள், பெரியப்பா என்ன குழப்படி செய்தவர் என்று.

அந்தக் கேள்வி கிழமைக்கணக்காக அவளோடு நின்றது. புரட்டாதியில், அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் றெஜினா ஸ்கூட்டரில் வந்து, பெண்களைச் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும்படி ஒரு துண்டைக் கொடுத்தாள். வழக்கமாக இராசமலர் அந்தத் துண்டுகளைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மறந்துவிடுவாள். இந்த முறை போனாள்.

இளம் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். கருப்பைக் கழுத்தைச் சோதிக்கப் படுக்கவைத்தபோது, கருவி தொட்டதும் இராசமலர் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தாள். டொக்டர் உடனே கையை எடுத்துவிட்டார்.

“அம்மா, கனகாலமா இப்பிடி நோகுதோ?”

நாலு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கேட்க அவள் ஒருவருக்கும் இடம் கொடுத்ததும் இல்லை. மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்த அவளுடைய காதுகளுக்குள் கண்ணீர் இறங்கியது.

டொக்டர் சின்னக் கருவியை எடுத்து, மெதுவாகச் சோதனையை முடித்துவிட்டு, எளிமையாகச் சொன்னார். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்கிற ஓமோன் குறைந்துவிடும். அதனால் உள்தோல் மெலிந்து காய்ந்து போகும். நோயோ தண்டனையோ அல்ல. பெண்களில் பாதிப்பேருக்கு வருவது. உள்ளே பூச ஒரு கிறீம் இருக்கிறது. இரண்டு கிழமை ஒவ்வொரு இரவும், பிறகு கிழமைக்கு இரண்டு நாள். சேரும் நேரத்தில் பாவிக்க ஒரு ஜெல். அந்த இடத்துக்குச் சவர்க்காரம் போடக்கூடாது. மிச்சத்தை மிஸி விளங்கப்படுத்துவா என்று றெஜினாவிடம் விட்டார்.

குழந்தைகளை நிறுக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் றெஜினா கதவைச் சாத்தினாள். அவளுக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் சின்னச் சிலுவை.

“வயசு போன நேரத்திலை உது என்னத்துக்கு மிஸி?” என்றாள் இராசமலர்.

“உங்களுக்கு விருப்பமில்லையெண்டா விடுங்கோ அக்கா. அதுவும் சரிதான். கிறீம் எரிவுக்கெண்டாலும் நல்லது. ஆனா விருப்பம் இருக்கோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ முதல்.”

இராசமலர் குழந்தை நிறுக்கும் தராசைப் பார்த்தாள். “இருக்கு” என்று அந்தத் தராசுக்குச் சொன்னாள்.

“அப்ப பிறகென்ன? கண் மங்கினாக் கண்ணாடி போடுறேல்லையே? இருபது வயசிலை உடம்பு சுறுக்கெண்டு ஆயத்தமாகும். இப்ப அதுக்கு நேரம் வேணும். அவசரப்பட வேண்டாமெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ. நொந்தா நிப்பாட்டுங்கோ, பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்க வேண்டாம். உள்ளை போனாத்தான் சந்தோசம் எண்டுமில்லை. தடவுறதும் அணைக்கிறதும் சந்தோசந்தான்.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: “நாலு வருசமும் அவருக்கு என்ன சொன்னனீங்கள்?”

“விரதமெண்டு.”

றெஜினா சிரிக்கவில்லை. “நம்பினவரோ?”

“சாமிப் பேரைச் சொன்னா அவர் ஒண்டும் கேக்கமாட்டார்.”

“பாவம்” என்றாள் றெஜினா. யாரைச் சொன்னாள் என்று விளங்கவில்லை. “ஒரு வசனம் அக்கா. ‘எனக்கு நோகுது.’ அவ்வளவுதானே.”

மருந்துத் துண்டை இராசமலர் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றதைக் கண்டு, றெஜினா அதைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். இணுவில் சந்தியில் மருந்துக்கடைப் பையன்கள் எல்லோருக்கும் இராசமலரைத் தெரியும். அடுத்த நாள் றெஜினா ஸ்கூட்டரை நிறுத்தாமலே வாசற் படலையடியில் சத்துமாப் பை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே இரண்டு ட்யூப். எப்படிப் பாவிப்பது என்று வடிவான கையெழுத்தில் எழுதிய கடதாசி. கடைசி வரியில், ‘கதையுங்கோ அக்கா’.

கதைக்க அவளுக்கு மூன்று கிழமை எடுத்தது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விடியவே மழை பிடித்து, கனகலிங்கம் தோட்டத்துக்குப் போகவில்லை. மத்தியானம் இராசமலர் இரண்டு தட்டுகளை எடுத்தாள். அவர் முன்னால் ஒன்று. எதிரே தனக்கு ஒன்று. சோறு, பயித்தங்காய்க் கறி, கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டிலும் பரிமாறிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள்.

கனகலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “மலர், இண்டைக்கு வெள்ளி” என்றார், மறந்துபோனவளுக்கு நினைவூட்டுவது போல.

“தெரியும்.” விழுங்கினாள். “நான் விரதம் இல்லை. ரெண்டு வருசமா ஒரு நாளும் விரதம் இருக்கேல்லை. நீங்கள் தோட்டத்துக்குப் போனாப் பிறகு சாப்பிடுறனான்.”

அவர் அவளுடைய தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முதல் ரெண்டு வருசமும் பட்டினி உண்மை. ஆனா அதுகும் முருகனுக்காக இல்லை. உங்களோடை படுக்க எனக்கு நொந்தது. அந்த இடம் காய்ஞ்சு எரிஞ்சது. சொல்ல வெக்கமாயிருந்தது. அதுதான் விரதமெண்டனான்.” சொல்லத் தொடங்கியதும் அது வந்துகொண்டே இருந்தது. கிளினிக், டொக்டர், றெஜினா, இரண்டு ட்யூப், ஆரணியின் கேள்வி. சோற்றைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

கனகலிங்கத்தின் கை அவருடைய சோற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வெளியே கூரைப் பீலியால் தண்ணீர் விழும் சத்தம்.

“விரதத்துக்கு முந்தி, என்ரை மணம் உமக்கு ஒத்துவரேல்லையாக்கும் எண்டு நினைச்சன்” என்றார் கடைசியில். “பயிருக்கு மருந்தடிச்சிட்டு வாறதாலை. அதுதான் ரெண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளிச்சுப் பாத்தன்.”

இராசமலர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

“நோகுதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் என்ன மிருகமே, மலர்?”

“இல்லை. நீங்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும்…”

“சாப்பிடும்” என்றார். “வயித்துப்புண்காரி. ஆறப்போகுது.” தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்தார். மெதுவாக மென்றார். பாதியில் எழும்பிப் போய்க் கை கழுவினார்.

அன்றைக்கும் அவர் விறாந்தையில்தான் படுத்தார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். கோபமில்லை, கதைப்பார், தேத்தண்ணி கேட்பார், கோவா நாற்றைப் பற்றிச் சொல்வார். ஆனால் ஏதோ ஒன்றைத் தனக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இராசமலர் ஒவ்வொரு இரவும் கடதாசியில் எழுதியிருந்தபடி கிறீமைப் பூசினாள். எரிவு குறைந்து வந்தது. உடம்பு ஆறுகிறது, மனிதர் ஆறுகிறாரா என்று தெரியாமல் கிடந்தாள். இனி அவர் உள்ளே வராமலே விட்டால், அதையும் தானே தேடிக்கொண்டதாகத்தான் இருக்கும்.

கார்த்திகையில் மழை சாய்ந்து அடித்தது. ஒரு பகல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விறாந்தையெல்லாம் தூவானம். மடக்குக் கட்டில் நனைந்துவிட்டது. கனகலிங்கம் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

“அங்கை நனையுது” என்றார்.

“உள்ளை நனையேல்லை” என்றாள் இராசமலர்.

அவர் வந்து படுத்தார். ஓட்டில் மழை இரைந்தது. கனநேரம் கழித்து அந்தக் கை வந்து அவளுடைய முழங்கைக்குக் கீழே இருந்தது. அவள் திரும்பினாள்.

“பகலிலையே?” என்றார்.

“மழைக்குள்ளை ஆர் வரப்போகினம்?”

“நொந்தா உடனை சொல்லும். ஒண்டுமில்லை எண்டு சொல்லப்படாது.”

“சொல்லுறன்.”

முன்பெல்லாம் அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எல்லாம் இருட்டில், வாய் திறவாமல், விளங்கிக்கொண்டதாக நினைத்து நடந்தவை. அன்றைக்கு அவர் கேட்டார், அவள் சொன்னாள். மெதுவாக என்றாள். இங்கே என்றாள். ஜெல் குளிர்ந்தபோது சிரித்துவிட்டாள். “உதென்ன, வெண்டிக்காய்க்குள்ளை கை விட்ட மாதிரி” என்று அவர் சொல்ல, இன்னும் சிரித்தாள். சிரித்ததில் உடம்பு இளகியது. அவசரம் இல்லை, மழை விடுகிற பாடாயும் இல்லை. கொஞ்சம் பொறுங்கோ என்றாள். பிறகு, பொறுக்க வேண்டாம் என்றாள். நோகுமோ என்று காத்திருந்த இடத்தில் நோவு வரவில்லை. அதற்குப் பதிலாக, தனக்கு இனி இல்லை என்று அவள் மூடி வைத்திருந்தது, மெல்ல மெல்ல, கால்விரல் வரைக்கும் வந்து சேர்ந்தது.

முடிந்த பிறகு அவள் அழுதாள். இவ்வளவுதானா என்று அழுதாள். ஒரு ட்யூப், ஒரு வசனம், கொஞ்ச நேரம். இதற்கா நாலு வருடம்? அறைக்குள்ளும் விறாந்தையிலுமாக, இரண்டு பேரும் ஒரே வீட்டில் நித்திரையில்லாமல் கிடந்த இரவுகள். அவருக்கு ஐம்பத்தெட்டாகிவிட்டது. முழங்கால் நோவென்கிறார். அந்த நாலு வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

“அழாதையும்” என்றார் கனகலிங்கம், அவளுடைய முதுகைத் தடவியபடி. “றோட்டாலை போறவை கேட்டா நான் அடிச்சனாக்கும் எண்டு நினைப்பினம்.”

மழை விட்டதும் அவர் மடக்குக் கட்டிலைத் துடைத்து மடித்து, மண்வெட்டிகள் வைக்கும் கொட்டிலுக்குள் கொண்டுபோய்ச் சாத்தினார்.

மார்கழி விடுமுறைக்கு ஆரணி திரும்பவும் வந்தாள். விறாந்தையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “பெரியப்பாவை உள்ளை விட்டிட்டியளோ?” என்றாள்.

“ஓமடி. அவர் ஒரு குழப்படியும் செய்யேல்லை. பெரியம்மாதான் செய்தது.”

“அப்ப நீங்களெல்லோ வெளியிலை படுத்திருக்க வேணும்” என்றாள் பிள்ளை.

அன்று காலை சிமியோன் வந்தான். கனகலிங்கத்தின் தோட்டத்துக்குப் பக்கத்துத் துண்டைக் குத்தகைக்குச் செய்பவன், இளவாலை ஆள். நத்தார்ப் பண்டிகைக்கென்று தன் தோட்டத்தில் வெட்டிய இரண்டு கோவா கொண்டு வந்திருந்தான். கனகலிங்கம் தோட்டத்தில். இராசமலர் தேத்தண்ணி கொடுத்தாள். அவன் வாசற்படியில் குந்தி ஊதி ஊதிக் குடித்தான்.

“அக்கா, உங்கடை மனிசன் வரவர மோசம்” என்றான்.

“ஏன், என்ன செய்தவர்?”

“நாலு வருசமா வெள்ளியும் செவ்வாயும் எனக்கு உங்கடை வாழையிலைச் சோறு. அந்தக் கத்தரிக்காய்க் குழம்புக்காகவே நான் தோட்டத்துக்கு வாறனான். இப்ப ரெண்டு மாசமா அண்ணை தானே இருந்து வழிச்சுத் துடைச்சுச் சாப்பிடுறார். ஒரு வாய் காட்டுறேல்லை. பழையபடி என்ரை மனிசியின்ரை குழம்பைத் திங்கிற விதி வந்திட்டுது.”

இராசமலர் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்னே ஏதோ தட்டியது.

“உங்களுக்கு ஏன் தந்தவர்?”

“அவர் விரதமெல்லோ. நான் எத்தினை தரம் கேட்டனான், என்னண்ணை, உந்த வெய்யிலுக்கை வெறும் வயித்தோடை மண்வெட்டி பிடிக்கிறியள் எண்டு. மனிசி வீட்டிலை பட்டினி கிடக்கிறா, எனக்கு மட்டும் எப்பிடியடா இறங்கும் எண்டார். தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுக் கொத்துவார். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவர்…” சிமியோன் கோப்பையைக் கீழே வைத்தான். “ஐயோ. சொல்லிப்போட்டன் போல.”

“பரவாயில்லை” என்றாள் இராசமலர். “நான் கேக்கேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.”

அவன் போன பிறகு அடுப்படியில் நெடுநேரம் நின்றாள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்ட ஒவ்வொரு மத்தியானமும், அரை மைல் தள்ளிச் செம்மண் வெயிலில் அவர் பட்டினியாக நின்றிருக்கிறார். வீட்டில் நின்ற நாட்களில் பசிக்கவில்லை என்றது கூச்சத்தினால் அல்ல. தனுசியாவின் கலியாணம் விரதத்தால் கூடியதென்றால், அது அவருடைய விரதம். கடைசியாக அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை கண்ணுக்கு முன் வந்தது: சோற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்ற கை. அன்றைக்கும் அவர் விரதம்தான் இருந்திருக்கிறார். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே கூனிப் போயிருப்பாள். அவர் சொல்லவில்லை. அவள் தனியே சாப்பிட்டு வெட்கப்படக் கூடாது என்று தன் விரதத்தை அவள் முன்னாலேயே முறித்துச் சாப்பிட்டார். பாதிதான் இறங்கியது.

அவரிடம் இதைக் கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால், “அதுக்கென்ன இப்ப” என்பார். ஒளித்து வைத்த ஒரே ஒரு காரியத்தையும் அவரிடமிருந்து பறித்ததாகிவிடும். அவள் கேட்கவில்லை.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆரணி நெல்லியடிக்குத் திரும்பிப் போயிருந்தாள். இராசமலர் தலை முழுகி, சுவாமி அறைக்கு நேரே முகம் கொடுத்து விளக்கேற்றினாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஒன்றும் வேண்டாமல் கும்பிட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். ஒரு ஆளுக்கு அளவாக அரிசி போட்டாள். வாழையிலையை நெருப்பில் வாட்டி, சோற்றைக் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்தாள்.

“நீர் நேரத்துக்குச் சாப்பிடும்” என்றார் கனகலிங்கம், சைக்கிளை உருட்டியபடி. “வயிறு கவனம்.”

“நீங்களும் ஆறமுன்னம் சாப்பிடுங்கோ. சிமியோனுக்குக் குடுக்காதேங்கோ.”

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு ஏறிப் போனார்.

மத்தியானம் கோயில் மணி கேட்டது. வீட்டில் யாரும் இல்லை. இராசமலர் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி ஒரு செம்பு குடித்தாள். முதல் தடவையாகக் கதவைச் சாத்தாமல் அடுப்படிக்குள் போனாள். அடுக்கின் மேலிருந்த தன் தட்டை எடுத்தாள். அதில் ஒரு பருக்கையும் படவில்லை. வாளித் தண்ணீரில் அதைக் கழுவினாள். துடைக்காமல், வருகிறவர் கண்ணில் படும்படி யன்னலோரம் சாய்த்து வைத்தாள். தட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து சீமெந்தில் ஒரு சின்ன வட்டம் போட்டது.

தைவெயில் சுறுக்கென்று எறித்தது. அவர் வருவதற்குள் காய்ந்துவிடும் என்று, நாலு மணிக்கு அந்தத் தட்டை இன்னொரு தரம் நனைத்து வைத்தாள்.